செல்லியின் கூடையில் ஜீப் சாவி

பலாக்கொல்லை செல்லியைப் பற்றி யாராவது "தங்கமான பொம்பளை" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தங்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னை ஜவ்வாது மலையின் மேலிருந்து அடிவாரம்வரை கால்நடையாக இறக்கிவிட்டவள் அவள். அதுவும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிற்றோடு, புதுச் செருப்போடு. அந்தக் கோபம் தீர எனக்குப் பல நாள் ஆயிற்று. தீர்ந்த பிறகுதான் இவளைப் பற்றி நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

எனக்குச் செங்கத்தில் கடை. புளி, கடுக்காய், சாமை, கேழ்வரகு என்று மலையில் விளைவதை வாங்கி விற்கிறவன். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் பலாக்கொல்லை. பஸ் என்றைக்காவது வரும். வந்தாலும் ஊருக்கு ரொம்ப முன்னாலேயே நின்றுவிடும். அதனால் ஊரார் கூட்டாகச் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தார்கள். பிரசவ வலி கண்டவளும் அதில்தான், சந்தைக்குப் போகிற ஆடும் அதில்தான், என் புளி மூட்டையும் அதில்தான். அதை ஓட்டத் தெரிந்தவன் ஊரில் ஒரே ஆள், செல்லியின் தம்பி கோபால்சாமி.

செல்லிக்குச் சொந்தமென்று கொஞ்சம் சாமைக்கொல்லை, நாலைந்து புளியமரம், பச்சையம்மா என்று ஒரே மகள். புருஷன் காசி இல்லை. அவன் செத்தது எப்படி என்பதை ஒருமுறை என் கடைத் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு அவளே சொன்னாள். கோபால்சாமி வண்டி கற்றுக்கொள்வதற்கு முன்பு, கீழேயிருந்து ஒரு ஆளைக் கூலிக்கு வைத்து ஜீப் ஓட்டினார்கள். ஒரு திருவிழா முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தவன் ஆலமரத்து வளைவில் வண்டியைப் பள்ளத்தில் விட்டுவிட்டான். மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. காசிக்கு உயிரே போய்விட்டது. அந்த ஓட்டுநர் குடித்திருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு ஏறாது என்றும் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு ஊற்றினாலும் தாங்குகிறவன் என்று அவனுக்கு ஊரில் பேர்.

"அவன்தாண்ணா வந்து சொன்னான். அந்த வளைவுலருந்து எங்க வூடு வரைக்கும் நேரா நடந்து வந்தான். கால்ல ஒரு பெசகு இல்ல. நான் அவன் காலையேதான் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு மூட்டையை இறக்கித் தராசில் வைத்தாள். எனக்குத்தான் எடைக்கல்லை எடுக்கக் கை வரவில்லை.

பச்சையம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது எண்பத்து மூன்றில், புளி உலுக்கி முடித்த கையோடு. சாராயக்கடைகளை அரசாங்கம் மறுபடி திறந்துவிட்டிருந்த காலம் அது. மாப்பிள்ளை ஊர் அடிவாரத்தில் உள்ள நாவக்கொல்லை. சம்பந்தியின் பெயர் சக்கரவர்த்தி. பெயருக்கேற்ற உடம்பு, பெயருக்கேற்ற குரல். அந்தப் பக்கத்து வழக்கப்படி காலையில் பெண் வீட்டில் விருந்து. அதை முடித்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். மிதித்தால் தாலி. தவறினால் அடுத்த நல்ல நாள்வரை காத்திருக்க வேண்டும்; அதுவரை ஊர் வாய் சும்மா இருக்காது.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெண்ணின் பெட்டியைத் தலையில் சுமந்து இறங்குகிறவனுக்கு மாப்பிள்ளையின் அப்பா தன் கையால் முதல் குவளைச் சாராயம் கொடுப்பார். வேண்டாம் என்று சொன்னால் பெண் வீட்டாருக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எல்லோரும் நடந்து போன காலத்தில் இதனால் ஒரு கெடுதியும் இல்லை. பெட்டி தூக்குகிறவனுக்குப் போதை ஏறினால் மரத்தடியில் உட்காருவான், இன்னொருவன் தூக்கிக்கொள்வான். ஜீப் வந்ததும் பெட்டி ஜீப்பில் ஏறிவிட்டது. பெட்டியைச் சுமக்கிறவன் யார் என்று யோசித்த பெரியவர்கள், ஓட்டுகிறவன்தான் என்று முடிவு பண்ணிவிட்டார்கள். முதல் குவளை அவனுக்குப் போயிற்று. மலையில் வேறு எவனுக்குக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு மோசமில்லை. இதை யாரும் தப்பாக நினைக்கவேயில்லை. மரியாதை கைமாறிவிட்டது என்று சந்தோஷம்தான் பட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது செல்லி வீட்டு வாசலில் கடுக்காய் காய்ந்துகொண்டிருந்தது. பச்சையம்மா அம்மாவை விட்டுப் போகிற ஏக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கக் கோபால்சாமி கடுக்காய் விளையாட்டு விளையாடினான். ஒருவர் கையை உயர்த்தி ஒரு கடுக்காயைச் சொல்லாமல் கொள்ளாமல் விடுவார்; எதிரில் முழங்காலில் கை வைத்து நிற்கிறவர் அது தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். பச்சையம்மா விட்டதையெல்லாம் மாமன்காரன் பிடித்தான். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டும் பிடித்தான். கடைசியில் அவள் சிரித்துவிட்டாள்.

சக்கரவர்த்தியும் உறவுக்காரர்களும் வந்து இறங்கினார்கள். சாராயப் பானையைத் திறப்பதற்கு முன் பலாக்கொல்லையில் ஒன்று செய்வார்கள். ஆண்கள் இடுப்பில் செருகியிருக்கிற கொடுவாளை எடுத்து வீட்டுக்காரியின் கூடையில் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலையில்தான் திரும்பக் கிடைக்கும். குடித்தால் ஒருவன் தூங்குவான், ஒருவன் அழுவான், ஒருவன் தாத்தா காலத்து வரப்புச் சண்டையை ஞாபகப்படுத்திக்கொள்வான். எவன் எப்படி மாறுவான் என்று முன்கூட்டித் தெரியாததால் எல்லோரிடமும் வாங்கிவிடுவது. ஊர்ப் பெரியவரின் கொடுவாளும் அதே கூடையில்தான் கிடக்கும்.

செல்லி கூடையோடு வரிசையாக வந்தாள். என்னிடம் ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன், போய்விட்டாள். கோபால்சாமிக்கு முன்னால் வந்து நின்றாள். அவனும் கையை விரித்தான். அவள் நகரவில்லை.

"சாவிய போடு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சக்கரவர்த்தி சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த ஆடு மிரண்டது. அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்துக் கோபால்சாமியும் சிரித்துக்கொண்டே ஜீப் சாவியைக் கொடுவாள்களின் மேல் போட்டான்.

பிறகு விருந்து. சாமைச்சோறும் ஆட்டுக்கறியும். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்பது இங்கே தேவையில்லை. சக்கரவர்த்தி முதல் குவளையைக் கோபால்சாமி கையில் கொடுத்தார். அவன் குடித்தான். அதோடு நிற்குமா? மாப்பிள்ளையின் சித்தப்பன், தாய்மாமன் என்று ஆளுக்கொரு குவளை நீட்டினார்கள். நானும் மரியாதைக்கு ஒரு குவளை வாங்கிக்கொண்டேன். எனக்குக் காது மடல் சுட்டது, பேச்சு கொஞ்சம் அதிகமாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒடிசலான ஆள். பாதிக் குவளையிலேயே செத்துப்போன எருமையை நினைத்துத் தேம்பினார். சக்கரவர்த்தி பச்சைத் தண்ணீர் மாதிரிக் குடித்தார், மலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கோபால்சாமியிடமும் ஒரு மாற்றமும் இல்லை. அதே பேச்சு, அதே நடை. அவனுக்கு அதில் உள்ளுக்குள் பெருமை இருந்ததை நான் பார்த்தேன்.

வெயில் உச்சிக்கு வந்ததும் பெட்டியை ஜீப்பில் ஏற்றினார்கள். பச்சையம்மாவை முன்னால் உட்கார வைத்தார்கள். மேளக்காரர்கள் பின்னால் தொற்றிக்கொண்டார்கள். கோபால்சாமி வந்து கையை நீட்டினான்.

"நாளைக்குக் காத்தால வாங்கிக்கோ" என்றாள் செல்லி.

அப்போதுதான் அவள் விளையாடவில்லை என்று எல்லோருக்கும் உறைத்தது. பொம்பளைகள் அவளைத் தனியாக இழுத்துப் போய்ப் புத்தி சொன்னார்கள். ஆண்கள் சத்தம் போட்டார்கள். பெற்ற மகள் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறாள் என்று காதுபடப் பேசினார்கள். சக்கரவர்த்தி எழுந்து நின்று, பொழுது சாய்ந்து வந்தால் தன் வீட்டு வாசலில் பந்தல் இருக்காது, பிரித்துவிடுவேன் என்று நிதானமாகச் சொன்னார். நிதானமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. செல்லி கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். ஜீப் போனால் மகள் உயிருக்குப் பயம். போகாவிட்டால் மகள் வாழ்க்கைக்குப் பயம். அந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் அவள் ஒருத்தியாக நின்றதைப் பார்த்தேன். ஆனாலும் நான் வாயைத் திறந்து அவளுக்காகப் பேசவில்லை, ஜீப்பில் ஏறி உட்காரத்தான் பார்த்தேன்.

ஒருவர் வழி சொன்னார். ஓடையின் மேல் ஒற்றை மரம் போட்டிருக்கும், அதில் நடக்கச் சொல்லலாம் என்றார். மலையில் அதுதான் சோதனை. மரத்தில் தடுமாறாமல் போய் வந்தால் அவனுக்குப் போதை இல்லை. கோபால்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளாடு மாதிரிப் போனான், நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினான், திரும்பி வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். சக்கரவர்த்தி செல்லியைப் பார்த்து, போதுமா என்பது போலக் கையை விரித்தார்.

செல்லி குனிந்து ஒரு கைப்பிடி கடுக்காயை அள்ளிக்கொண்டு தம்பிக்கு எதிரில் வந்து நின்றாள்.

கோபால்சாமி சிரித்துக்கொண்டே முழங்காலில் கையை வைத்தான். அவள் விட்டாள். கடுக்காய் தரையில் விழுந்து உருண்ட பிறகுதான் அவன் கை அங்கே வந்தது. மண் கண்ணில் பட்டுவிட்டது என்றான். இன்னொன்று விட்டாள். விழுந்தது. மோர் குடித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொம்பு கொண்டுவந்தார்கள், குடித்தான். தலையில் தண்ணீர் ஊற்று என்றார்கள். ஒரு குடம் ஊற்றினார்கள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட நின்று மறுபடியும் கையை வைத்தான். கடுக்காய் அவன் இரண்டு கைக்கும் நடுவில் விழுந்தது. காலையில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பிடித்தவன் அவன். ஜீப்பில் உட்கார்ந்திருந்த பச்சையம்மா இதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே கீழே இறங்கிவிட்டாள்.

சக்கரவர்த்திக்குப் பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளை விளையாட்டை வைத்துக் கல்யாணத்தை நிறுத்துவதா என்று தானே வந்து நின்றார். அவருக்கு விட்டது ஒன்றும் சிக்கவில்லை; ஒன்றுக்குக் குனிந்தவர் குனிந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஒரு குவளைதானே, வயிறு முட்டச் சோறு வேறு என்று நானும் நின்றேன். சிலது சிக்கியது, சிலது சிக்கவில்லை. தலை தெளிவாகத்தான் இருந்தது, கைக்கு மட்டும் விஷயம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. ஒடிசல் தாய்மாமன் கடுக்காயைப் பார்த்ததும் எருமையை நினைத்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தார்.

செல்லி கையில் மிச்சமிருந்ததைக் கீழே போட்டாள்.

"ஒவ்வொருத்தர ஒவ்வொரு மாதிரி புட்சிக்குது சம்மந்தி. அழுவுறவன் குட்ச்சிகீறான்னு ஊருக்கே தெரியும், அவன் கையில யாரும் வண்டிய குடுக்கமாட்டாங்க. என் தம்பி மாதிரி ஆளுக்குத்தான் அவனுக்கே தெரியாது. எம்புருசன ஏத்திக்கினு வந்தவனும் இந்த மரத்துல நடந்தவன்தான்" என்றாள்.

கோபால்சாமி ஈரத் தலையோடு கூடையைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டுங்க்கா" என்றான். ஜீப்பிலிருந்து பெட்டியை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

செல்லி சம்பந்தியைப் பார்த்து, உங்கள் வீட்டம்மா கல்யாணமாகி வந்தபோது ஜீப்பிலா வந்தார் என்று கேட்டாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தூக்கம் போட்டவர்களையும் தாய்மாமனையும் வீட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.

ஜீப் பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். ஒற்றையடிப் பாதை குறுக்கே இறங்கும். குறுக்கே என்றால் செங்குத்தாக. என் முட்டிகள் என்னைத் திட்டின. புதுச் செருப்பு கடித்ததில் அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பச்சையம்மா போனாள். பெண் வழி காட்ட ஊர்வலம் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேளக்காரர்கள் ஜீப்பில் உட்கார்ந்து வாசிக்க முடியாததையெல்லாம் நடந்துகொண்டே வாசித்தார்கள். சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பியது. வழியில் இருந்த குடிசைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்து பார்த்தார்கள். விஷயம் என்னவென்று கேட்டுவிட்டுப் பாதிப் பேர் கூடவே வந்துவிட்டார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்த சக்கரவர்த்தி பாதி மலையில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தன் மகன் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய ஊர்வலமா என்று அவருக்கே மலைப்பாக இருந்திருக்க வேண்டும். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு முன்னால் போய் நடந்தார்.

நாவக்கொல்லையை மிதித்தபோது மலை முகட்டுக்கு மேலே வெயில் இன்னும் மீதமிருந்தது. பந்தல் அப்படியே இருந்தது. பச்சையம்மா வாசலை மிதித்ததும் ஊரே குலவையிட்டது. செல்லி அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். நானும்தான்.

ஆனால் அதோடு முடியவில்லை. பெட்டி வந்து இறங்கினால் அங்கேயும் ஒரு குவளை உண்டு. சக்கரவர்த்தி குவளையை நிரப்பிக்கொண்டு வந்து கோபால்சாமியிடம் நீட்டினார். கோபால்சாமி கையைக் கட்டிக்கொண்டான். விடியும்போதே மேலே ஏறிப் போய் ஜீப்பைக் கொண்டுவர வேண்டும், பொம்பளைகளையும் வயசானவர்களையும் திரும்ப ஏற்றிப் போக வேண்டும், அதனால் வேண்டாங்க மாமா என்றான். குவளையை மறுத்தவனை அந்த வாசலில் யாரும் பார்த்ததில்லை. சக்கரவர்த்தியின் கை நீட்டியபடியே இருந்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

செல்லி நடுவில் வந்து அந்தக் குவளையைத் தன் கையில் வாங்கினாள். ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, இருமல் வந்தது, இரண்டையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். காலிக் குவளையைச் சம்பந்தியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வூட்டுக்கு நீங்க குடுத்த மரியாதைய எங்க வூடு வாங்கிக்கிச்சு. வண்டி ஓட்றவன் வாயாலதான் வாங்கணும்னு இன்னா கட்டாயம்?" என்றாள்.

சக்கரவர்த்தி குவளைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. பிறகு அவர் சிரித்த சிரிப்பு பலாக்கொல்லை வரைக்கும் கேட்டிருக்கும். வழக்கம் மீறப்படவில்லை, சம்பந்தி குறை வைக்கவில்லை என்று ஊருக்கு உரக்கச் சொல்லிவிட்டு, மகனைக் கூப்பிட்டுத் தாலி கட்டச் சொன்னார்.

காசி போன நாளிலிருந்து செல்லி ஒரு வாய்கூடக் குடித்ததில்லையாம். அந்த ஒரு குவளை அவளை என்ன செய்தது தெரியுமா? தூக்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பந்தலில் உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் வாய்க்கு வந்தபடி அறிவுரை சொன்னாள். மாப்பிள்ளைக்கு வெங்காயம் உரிக்கும் முறை சொன்னாள். என்னைக் கூப்பிட்டு, உன் தராசு ஒரு பக்கம் சாய்கிறது அண்ணா என்று ஊர் முன்னால் சொன்னாள். அது போதையின் பேச்சு என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

அதன் பிறகு அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஓட்டுநரின் குவளையை அவன் வீட்டு ஆள் ஒருவர் வாங்கிக் குடிப்பது என்று ஆகிவிட்டது. சாவி கொடுவாளோடு கூடைக்குப் போயிற்று. கீழேயிருந்து வந்த லாரிக்காரன் ஒருவன் தனக்கு ஏறவே ஏறாது என்று பெருமை பேசியபோது, ஒரு கிழவர் பேசாமல் கடுக்காயைக் கையில் எடுத்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு அவன் லாரி பலாக்கொல்லையிலேயே தூங்கியது.

ஆனால் எனக்கு மறக்காதது கல்யாணத்துக்கு மறுநாள் நடந்தது. கோபால்சாமி விடியலில் அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போய், சொன்னபடி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். புளிக்கணக்கு பாக்கி இருந்ததால் நானும் மேலே போக வேண்டியிருந்தது. செல்லிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவளுக்குத் தலைவலி. ஆலமரத்து வளைவு வந்ததும் கோபால்சாமி வண்டியை நிறுத்தினான். எதற்கு நிறுத்துகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பின்னாலிருந்த ஒரு பொம்பளை மெதுவாகச் சொன்னாள்: காசி செத்ததிலிருந்து எந்த வண்டியிலும் செல்லி அந்த வளைவைத் தாண்டியதில்லையாம். தம்பி ஓட்டினாலும் சரி, இறங்கி நடந்து வளைவைக் கடந்து, அப்புறம் ஏறிக்கொள்வாளாம்.

கோபால்சாமி திரும்பிப் பார்த்துக் காத்திருந்தான். செல்லி பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏண்டா நின்னுட்ட? வண்டிய எடு" என்றாள்.